குளிரில் இறுகாத கூரை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ சாதாரணமாகத்தான் சொன்னாய். அங்கே பனி கொட்டுகிறது, நிலத்துக்குக் கீழே வாகனம் நிறுத்தும் இடத்துக்கு மேல்தளம் போட்டிருக்கிறோம், அடியில் ஹீட்டர் வைத்துச் சுற்றிப் படங்குத் துணி கட்டியிருந்தோம், நடுவில் காஸ் தீர்ந்து ஹீட்டர் அணைந்துவிட்டது, அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை, வருகிற திங்கட்கிழமை தளத்தைத் தாங்கும் முட்டுக்கால்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள் என்றாய். "இறுகியிருக்குமாடா?" என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எனக்கும் சந்தேகந்தாம்மா. ஆனா நான் வாயத் தொறந்தா நாளைக்கு வேலை இல்ல. இங்க இருக்கிறதுக்குப் பேப்பரும் இன்னும் வரல்லயே" என்றாய். அதற்குள் லைன் அறுந்துவிட்டது. எனக்குச் சொல்ல இருந்தது நிறைய. ஆனால் சந்திக் கடைப் போனில் நின்று என்னத்தைச் சொல்ல? எதிரே சோதனைச் சாவடி. பின்னால் வரிசையில் நிற்பவர் யாரென்று தெரியாது. நம் மஹய்யாவையில் போன மாதம் மட்டும் எத்தனை தமிழ்ப் பிள்ளைகளைச் சந்தேகத்தில் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்று உனக்குத் தெரியும். அதற்குப் பயந்துதானே உன்னை வெளிநாட்டுக்கு அனுப்பினேன். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா சிறையில் இருந்தது உனக்குத் தெரியும். அந்த எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் பலரைப் பிடித்தார்கள், அவரையும் பிடித்தார்கள் என்று சொல்லி வளர்த்தோம். அதற்கு மேல் நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவரைப் பிடித்தது ஒரு கொங்கிரீட் கூரைக்காக. அது குளிரில் போட்ட கூரை. நீ அங்கே போட்டிருப்பது மாதிரி.

உனக்கு அப்போது நாலு ஐந்து வயதிருக்கும். நானும் அப்பாவும் கட்டடம் கட்டும் ஒரே கொந்தராத்துக்காரரிடம் வேலை செய்தோம். அப்பா மேசன் பாஸ், கொத்தனார்களுக்குத் தலைவர்; எல்லாரும் முத்து பாஸ் என்பார்கள். நான் தாச்சிச் சட்டியில் கொங்கிரீட் சுமந்தேன். உன்னைப் பக்கத்து வீட்டு ராசம்மா அக்காவிடம் விட்டுவிட்டுப் போவோம். ஹந்தானை மலைக்கு மேலே, தேயிலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்த ஆடி மாதம் மலையில் வெயிலே விழவில்லை. காலையில் ஏறும் முகில் மத்தியானம் வரை இறங்காது. காற்று அடித்தால் காது இரண்டும் செத்துப்போகும். கொங்கிரீட் போட அது நல்ல காலம் இல்லை. எஞ்சினியர் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர், இளம் வயது. அவரும் அப்பாவும் ஒத்துக்கொண்டுதான் எல்லாம் செய்தார்கள். தார்ப் பீப்பாய்களில் தண்ணீரைச் சுடவைத்துக் கலந்தோம். மணல் நனையாமல் தகரம் போட்டு மூடினோம். மேலே விரிக்கச் சாக்கும் வைக்கோலும் கொண்டுவந்து அடுக்கினோம். கொங்கிரீட் இறுகும்போது தானாகவே சூடு விடும், அந்தச் சூட்டைக் காற்று கொண்டுபோக விடக் கூடாது என்று அப்பா எங்கள் எல்லாருக்கும் சொல்லித் தந்திருந்தார்.

சிலாப், அதுதான் கூரைத் தளம், போட்ட அன்று காலை நாங்கள் பாதிக்கு மேல் போட்டுவிட்டோம். அப்போதுதான் மணல் லொறி வந்தது. ஓட்டி வந்தவர் ஜுனைத் நானா. உனக்கு அவரை ஞாபகம் இருக்கும், நோன்புக்குக் கஞ்சி கொண்டுவந்து தருவாரே, அவர்தான். இறங்கியதும் இறங்காததுமாக, "டவுன்ல கடைகளுக்கு நெருப்பு வெச்சிட்டாங்க பாஸ். தமிழ் ஆக்கள்ர கடைகளாப் பாத்துப் பாத்து வெக்கிறாங்க. நீங்க கீழ எறங்காதீங்க" என்றார். எல்லாருக்கும் கை நின்றுவிட்டது. எங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் தமிழர், பாதிப்பேர் சிங்களவர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. அந்த நேரம் முகில் கொஞ்சம் விலகியது. கீழே குளமும் டவுனும் தெரிந்தன. அங்கேயும் இங்கேயுமாகக் கறுப்புப் புகை எழும்பி நின்றது. சத்தமே இல்லை. அவ்வளவு தூரத்தில் நெருப்புக்குச் சத்தம் கிடையாது, தம்பி. நீ அந்தப் புகைக்குள் எங்கேயோ இருந்தாய்.

நான் தாச்சியைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தேன். எஞ்சினியர் ஐயாவும் வெளுத்துப்போய் நின்றார். "என்ன செய்வம் பாஸ்?" என்று அப்பாவைத்தான் கேட்டார். அப்பா சிலாப்பைப் பார்த்தார். "இப்ப ரோட்டுல எறங்கினா செத்தோம். பொழுது பட்டதும் தேயிலைக்குள்ளால போவோம். அது வரைக்கும் போட்டு முடிப்போம் ஐயா. பாதியில விட்டா ஒட்டு சேராது" என்றார். போட்டு முடித்தோம். எப்படி முடித்தோம் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு தாச்சியையும் தூக்கும்போது கீழே பார்த்தேன். ஒவ்வொரு முறையும் புகை கூடியிருந்தது. சாக்குகளை விரித்து, மேலே படங்கைக் கட்டி, கல் வைத்துவிட்டு இறங்கினோம். போகும்போது ஐயா சிங்களத்தில் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: வெயில் காலத்தில் விடும் நாளைப் போல இரண்டு பங்கு விட வேண்டும், தான் வந்து பார்க்கும் வரை ஒரு முட்டுக்காலையும் தொடக் கூடாது. அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களில் சுனிலும் ஒருவன்.

சுனிலை உனக்குத் தெரியும். ஆனால் நீ அறிந்தது பிற்காலத்துச் சுனிலை. அப்போது அவனுக்கு இருபது வயசு இருக்கலாம். அப்பாவிடம்தான் வேலை பழகினான். நம் வீட்டில் என் கையால் எத்தனையோ தரம் சாப்பிட்டிருக்கிறான். உன்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு பெரஹெர ஊர்வலம் காட்டக் கூட்டிப் போயிருக்கிறான். அன்றைக்கு ஐயா சொன்னதற்குத் தலையாட்டியவன், எங்களுக்கு முன்னால் ரோட்டால் இறங்கிப் போய்விட்டான்.

நாங்கள் தேயிலைக்குள்ளால் இறங்கி, ஓடைக்கரையால் சுற்றி மஹய்யாவைக்கு வந்து சேர்ந்தபோது நம் வீட்டில் கதவு இல்லை. உள்ளே ஒன்றும் இல்லை. ராசம்மா அக்கா உன்னைத் தூக்கிக்கொண்டு முகாமுக்குப் போய்விட்டா என்று யாரோ சொன்னார்கள். முகாம் என்றால் ஒரு பள்ளிக்கூடம். உன்னைக் கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ராசம்மா அக்கா என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, "அந்தச் சுனில் பய முன்னால வந்தான்டி. இதுதான் வீடுன்னு கையக் காட்டினான். என் கண்ணால பாத்தேன்" என்றா. நான் அதை அப்பாவிடம் சொன்னேன். அவர் நனைந்த சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டே இருந்தார்.

முகாம் உனக்குக் கொஞ்சம் ஞாபகம் இருக்கலாம். பாண் ரொட்டிக்கு வரிசையில் நின்றதைச் சொல்லுவாய். மழை விடவே இல்லை. ஆட்களைக் கப்பலில் ஏற்றி வடக்கே அனுப்பினார்கள். எஞ்சினியர் ஐயாவும் அப்படித்தான் போனார். எங்களுக்கு வடக்கில் யார் இருக்கிறார்கள்? இருந்த இடத்திலேயே இருந்தோம். அப்பா விடிந்ததும் எழும்பிப் போய் வாசலில் நின்று ஹந்தானைப் பக்கம் பார்ப்பார். மலை தெரியாது, முகில்தான் தெரியும். வீடு போன துக்கம் என்று நினைத்தேன். ஒரு நாள் பக்கத்தில் போய் நின்றேன். "வெயில் விழவே இல்ல பாரு. சிலாப்பு இன்னும் பச்சையாத்தான் கெடக்கும்" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு நாள் ஜுனைத் நானா முகாமுக்குப் பாண் மூட்டை கொண்டுவந்தார். அப்பாவைத் தேடி வந்து சொன்னார். கொந்தராத்துக்காரர் வேலையைத் திரும்பத் தொடங்கிவிட்டார். பிலிமத்தலாவையில் எரிந்த கடைகளைத் திருத்தக் கேட்கிறார்களாம். அதற்கு மரம் வேண்டும். பள்ளிக்கூட மண்டபத்தில் நிற்கும் முட்டுக்கால்களையும் பலகைகளையும் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். தமிழர் யாரும் இல்லாதபடியால் இப்போது சுனில்தான் அங்கே பாஸ். அப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "நானா, நீங்க போய்ச் சொல்லுங்க. முத்து சொன்னான்னு சொல்லுங்க. ஐயா சொன்ன நாள்ல பாதி கூட ஆகல்ல. இந்தக் குளிர்ல அது விழும்." நானா போனார். அன்று பின்னேரமே திரும்பி வந்தார். "செல்லிட்டேன் பாஸ். சிரிக்கிறாங்க. தமிழன் முகாமுக்குள்ள இருந்துகிட்டு வேலைய மறிக்கப் பாக்கிறான்னு கொந்தராத்துக்காரர் செல்றாரு. மேல தட்டிப் பாத்தா நல்லா இறுகினாப் போலதான் ஈக்கி. நாளைக்குக் காலையில கழட்டப் போறாங்க."

மேலே தட்டிப் பார்த்தால் இறுகினது போலத்தான் இருக்கும், தம்பி. வெளுத்து, காய்ந்து, தட்டினால் சத்தம் கேட்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று மேல் தோல் சொல்லாது.

அடுத்த நாள் விடிந்ததும் நானாவின் லொறியில் போக அப்பா புறப்பட்டார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன். "யாருக்காகப் போறீங்க? நம்ம வீட்டக் காட்டிக் குடுத்தவனுக்காகவா?"

"அவன் மட்டுமா அடியில நிப்பான்? எத்தன பேர் நிப்பாங்க."

"விழட்டும். நம்ம மேல விழுந்திச்சு இல்ல? அவங்க மேலயும் விழட்டும்."

அவர் கோபப்படவில்லை. "நான் போட்ட சிலாப்புடி அது" என்றார். "அது ஆள் மேல விழப் போகுதுன்னு தெரிஞ்சுகிட்டு நான் இங்க ஒக்காந்து பாண் திங்கவா?" நீ எழும்பி அவர் காலைக் கட்டிக்கொண்டாய். உன்னைப் பிரித்து என் கையில் தந்தார். வழியில் முஸ்லிம் ஆள் என்று நினைக்கட்டும் என்று ஜுனைத் நானா தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தார். லொறி போய்விட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. அப்பா அதைப் பற்றிப் பேச மாட்டார்; ஜுனைத் நானா சொன்னதையும், பின்னாளில் சுனில் வந்து சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றுபோலவே இருந்தது. அப்பாவும் நானாவும் போய்ச் சேர்ந்தபோது ஒரு பக்கத்தில் முட்டுக்கால்களைக் கழற்றி வெளியே அடுக்கியிருந்தார்கள். அடியில் ஆட்கள் நின்று அடுத்த பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கொந்தராத்துக்காரர் அங்கே இல்லை. அப்பா லொறியிலிருந்து இறங்கி, தொப்பியைக் கழற்றிவிட்டு, வெளியே நின்றபடி சிங்களத்தில் கத்தினார்: எல்லாரும் வெளியே வாங்கடா. அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்கு அவர்கள் எத்தனை மாதமாக வேலை செய்தவர்கள்! யோசிக்காமலே ஒவ்வொருவராக வெளியே வந்துவிட்டார்கள். வந்த பிறகுதான் யார் கூப்பிட்டது என்று பார்த்தார்கள்.

சுனில் மட்டும் வரவில்லை. அலவாங்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றான். "இங்க இப்ப நான் பாஸ். நீ யாரு சொல்றதுக்கு?" என்றான். அப்பா அவனுடன் வாய் கொடுக்கவில்லை. உள்ளே போனார். மேலே கீறல் ஓடியிருப்பதை விரலால் காட்டினார். ஒரு முட்டுக்கால் சரிந்துகொண்டிருந்தது, அதற்குத் தோளைக் கொடுத்துக்கொண்டு, "சுனில், நீ போ. நீ வெளிய போனதும் நான் வாறேன்" என்றார். அப்போதும் அவன் ஒரு கணம் நின்றான். அந்த ஒரு கணம்தான். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம். அப்பா அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே பாய்ந்தார். அந்தப் பக்கம் முழுவதும் இறங்கிவிட்டது. அவர் வெளியே விழுந்தார். சுனிலுக்குக் கால் அகப்பட்டுவிட்டது.

வெளியே நின்றவர்கள் சிதறி ஓடினார்கள். அப்பா புழுதிக்குள்ளேயே திரும்பிப் போய், சுனிலின் கையிலிருந்து விழுந்த அலவாங்கை எடுத்து, நானாவும் அவருமாக அந்தத் துண்டைக் கிளப்பி அவனை இழுத்து வெளியே போட்டார்கள். சத்தம் கேட்டு ஊர் கூடி ஓடிவந்தது. வந்தவர்கள் கண்டது என்ன? விழுந்து கிடக்கும் கூரை. இரத்தத்தில் கிடக்கும் சிங்களப் பையன். பக்கத்தில் அலவாங்கோடு நிற்கும் ஒரு தமிழன். யாரோ "கொட்டியா!" என்றான், புலி என்று. அது போதுமாக இருந்தது. நானா சுனிலை லொறியில் போட்டுக்கொண்டு பேராதனை ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அவர் திரும்பி வருவதற்குள் அப்பாவை அடித்து, கட்டி, பொலிஸில் கொடுத்துவிட்டார்கள். புலி வந்து பள்ளிக்கூடத்தை இடித்தது என்று மலை முழுவதும் கதை. வெளியே வந்து உயிர் தப்பிய ஆட்கள் அத்தனை பேரும் அங்கே நின்றார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நானா பொலிஸுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். நீயும் சேர்ந்தவனா என்று கேட்டுத் துரத்திவிட்டார்கள். கடைசியில் நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பொட்டை அழித்துவிட்டு, ஒரு சிங்கள நோயாளியைப் பார்க்கப் போகிறவள் போலப் போனேன். சுனிலுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சுனில், உனக்குத்தான் தெரியும். நீ சொன்னா விடுவாங்க" என்றேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவனுக்குத் தமிழ் நன்றாக வரும், எங்களோடு பழகியவன்தானே. "முதலாளி வந்துட்டுப் போனாரு அக்கா. பாஸ்தான் முட்டுக்காலத் தட்டி விழுத்தினாருன்னு சொல்லிட்டேன். கையெழுத்தும் வெச்சிட்டேன். இனி மாத்திச் சொன்னா என்னையும் கொன்னுடுவாங்க. போங்க அக்கா. யாரும் பாக்க முந்திப் போங்க." நான் அங்கே அழவில்லை. பேராதனைச் சந்தி வரைக்கும் நடந்து வந்து, பஸ்ஸுக்குள் ஏறியதும் அழுதேன்.

அப்பா ஒரு வருஷத்துக்கு மேல் உள்ளே இருந்தார். வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒரு நாள் விட்டுவிட்டார்கள். ஏன் பிடித்தார்கள் என்று யாரும் சொல்லவில்லை, ஏன் விட்டார்கள் என்றும் சொல்லவில்லை. வந்தவரின் வலது கை தோளுக்கு மேல் எழும்பாது. அதற்குப் பிறகு அவர் மேசன் வேலைக்குப் போகவில்லை. கடையில் மூட்டைக்குக் காவல் இருந்ததைத்தான் நீ பார்த்திருக்கிறாய்.

சுனில் முதன்முதலாக நம் வீட்டுக்கு வந்தது அவர் திரும்பி வந்து நீண்ட நாளைக்குப் பிறகு. ஊன்றுகட்டையோடு வாசலில் வந்து நின்றான். நான் கதவைச் சாத்தப் போனேன். அப்பா, "வரட்டும்" என்றார். வந்து உட்கார்ந்தான். பிறகு அப்பா கேட்டார்: "குளிருக்குக் கால் வலிக்குதா?" "வலிக்குது பாஸ். இல்லாத காலும் சேந்து வலிக்குது" என்றான் சுனில். "எனக்கும் தோள் அப்படித்தான்" என்றார் அப்பா. அவ்வளவுதான் பேசினார்கள். பிறகு வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வருவான், உனக்கு வாழைப்பழம் கொண்டுவருவான், நீ சுனில் மாமா என்று கூப்பிடுவாய். நான் தேத்தண்ணி வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். ஒரு நாளும் அவன் முன்னால் நான் உட்கார்ந்தது கிடையாது. அப்பாவின் சாவு வீட்டுக்கு வந்தபோது, நீ அவனைப் பிடித்துக்கொண்டு அழுதாய். அப்போதும் நான் அசையவில்லை.

அப்பா அன்றைக்குப் போனது சரியா என்று நீ கேட்பாய். பதினைந்து வருஷத்துக்கு மேல் யோசித்தும் எனக்குத் தெரியவில்லை. அவர் கூப்பிட்டதற்கு வெளியே வந்தவர்களுக்கு இன்றைக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது என்று சில நாள் தோன்றும். வாய் திறவாமல் நின்ற அந்த முகங்கள் சில நாள் தோன்றும். அவர் போகாமல் முகாமிலேயே இருந்திருந்தால், விழுந்த சத்தத்தை வேறு யாராவது வந்து எங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு அவரோடு எப்படிக் குடும்பம் நடத்தியிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியாது.

உனக்கு நான் சொல்வது இதுதான். வேலை போனால் போகட்டும். திங்கட்கிழமை அவர்கள் தொடங்குவதற்கு முன்னால், எல்லாரும் கூடியிருக்கும்போது, அவர்கள் பாஷையிலேயே சத்தமாகச் சொல். ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லாதே. பிறகு அவர் கேட்கவில்லை என்பார். அங்கே அதைப் பார்க்க அரசாங்க ஆட்கள் இருப்பார்கள் என்று ஒரு தரம் சொன்னாய், அவர்களுக்கும் சொல். பேப்பர் இல்லாதவன் பேச்சு எடுபடாது என்று நினைக்காதே. அப்பாவின் பேச்சு எடுபடாது என்று தெரிந்துதான் அவர் போனார். ஆனால் அவர் செய்ததில் ஒன்றை மட்டும் நீ செய்யாதே. அடியில் போகாதே. வெளியே நின்று கத்து. உள்ளே ஒருவன் பிடிவாதமாக நின்றுவிட்டால் என்ன செய்வது என்று கேட்காதே. நீ அவர் மகன். அதை நினைத்துத்தான் எனக்குப் பயம்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர இரண்டு மூன்று கிழமை ஆகும். அதற்குள் அந்தத் திங்கட்கிழமை வந்து போயிருக்கும். அதனால் நாளைக்கே சந்திக் கடைக்குப் போய் உனக்குப் போன் எடுப்பேன். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள், அதிகம் பேச முடியாது. "சொல்லிவிடு, அடியில் போகாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அம்மா ஏன் அப்படிச் சொன்னாள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே. சொன்னதைச் செய். ஏன் என்பதைப் பிறகு இதில் படித்துக்கொள்.

அம்மா